கறுப்புப் பாசி

போன வருஷம் தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மீஞ்சூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நடைமேடையின் கோடியில் ஒரு குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை. சுற்றிலும் காய்ந்த தரை, பாக்குக் கறை, ஆயிரம் செருப்புகள். நடுவில் இது மட்டும் வெல்வெட்டுத் துண்டு போல.

'அட, இதுக்கு ஏரி வேணாம், குளம் வேணாம், ஒரு சொட்டு போதும் போலிருக்கே!' என்று குனிந்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். வண்டி வந்தது. போனது. எனக்குத் தெரியவே இல்லை. அந்தச் சொட்டு விழும் இடத்தில் அடர் பச்சை, கொஞ்சம் தள்ளி மஞ்சள் பச்சை, ஓரத்தில் காய்ந்து கறுத்த பொருக்கு. ஓர் உள்ளங்கைக்குள் மூன்று ஊர்! அப்போதுதான் அந்த யோசனை தைத்தது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி எங்கெங்கெல்லாம் பாசி குடியிருக்கிறது என்று ஒரு படம் வரைந்தால் என்ன?

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஏரியிலிருந்து உள்ளே தள்ளி, நெல் விளையும் ஒரு சின்ன ஊர் எனக்கு. தாவரவியல் முடித்துவிட்டு, சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வாரம் முழுக்க ரயில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர். அந்த ஒரு நாளையும் வீட்டில் கழிக்க எனக்குக் கால் நிற்காது. "பொண்ணுங்க ஞாயித்துக்கெழம பீச்சுக்குப் போவுதுங்க, சினிமாவுக்குப் போவுதுங்க. நீ இன்னாடான்னா சாக்கடைக்குப் போற" என்பார் எங்கள் நைனா. திட்டிக்கொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுப்பார்.

வேலை ஆரம்பித்தது. எங்கள் வயல் வரப்பிலேயே முதல் ஆச்சரியம். நடவு முடிந்து தேங்கிய தண்ணீரில், உறைந்த கஞ்சி போல வழுவழுவென்று நீலப்பச்சைக் கட்டிகள் மிதந்தன. சின்ன வயதிலிருந்து அவற்றை மிதித்துத்தான் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்புறம் பனைமரங்கள். ஒரு பக்கம் மட்டும் யாரோ மருதாணி பூசிவிட்டது போல் செம்பட்டையாக இருக்கும். தொட்டால் பவுடர் மாதிரி ஒட்டும். அதுவும் பாசிதான், பச்சையாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அத்திப்பட்டுப் பக்கம் உப்புப் பாத்திகளில், எதுவுமே உயிர் பிழைக்காது என்று நாம் நினைக்கும் அந்தக் கெட்டி உப்புத் தண்ணீரில், இளஞ்சிவப்பாக ஒன்று. ஏரிக்கரையில் தண்ணீர் வடிந்த சேற்றின் மேல் காலை வெயில் படும்போது பொன்னிறமாக ஒரு மினுக்கம் வருமே, அது சேற்றின் மினுக்கம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிப் பாசிகள் வெயில் காய மேலே ஏறி வருவது. படகின் அடிப்பாகம், வலை கட்டும் கழி, கண்டல் மரத்தின் மூச்சு வேர், ஒரு நத்தையின் முதுகு... சொல்லிக்கொண்டே போவேன், நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை. ஏரியோ பெரியது. ஆந்திர எல்லை வரை நீளும் கரை. ஆகவே, ஒரு குறுக்கு வழி யோசித்தேன். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், தெரிந்தவர்கள் மூலமாக ஒரு செய்தி போடச் சொன்னேன். 'உங்கள் ஊரில் பாசி எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.' கீழே என் எண்.

இரண்டு வாரம் என் போன் ஓயவில்லை. ஒருவர், "எங்க தெரு டேங்க்ல ஒரு ஜாண் கீது, எப்ப வந்து தேய்ப்ப?" என்றார். நான் சுத்தம் செய்ய வரவில்லை, பார்க்கத்தான் வருகிறேன் என்றதும், "பாக்கறதுக்கு இன்னாம்மா கீது அதுல? கலீஜு" என்று வைத்துவிட்டார். ஒரு மளிகைக் கடைக்காரர், "முழுப் பயறா, ஒடச்சதா?" என்று கேட்டார். பாசிப்பயறு வாங்கும் ஆள் என்று நினைத்துவிட்டார், பாவம். ஓர் அம்மா, வீட்டு வாசலில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லி, நான்தான் வழுக்கிவிட்டதுபோல் என்னைத் திட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரயிலை விட்டு இறங்கி ஸ்கூட்டரை எடுக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பெண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"பாப்பா, நீதான் ஏரியில பாசி தேடிகினு கீற பொண்ணா? கறுப்புப் பாசி எதுனா கண்ணுல பட்டா சொல்லும்மா. அவசரம்."

கறுப்புப் பாசி! எனக்குக் கை பரபரத்தது. உவர்மண்ணில் கறுப்பாகத் தோல் மாதிரி படரும் ஒரு வகையைப் பற்றிப் படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. அங்கேயே நின்றபடி கூப்பிட்டேன்.

"அக்கா, கறுப்புப் பாசின்னீங்களே, எங்கக்கா பாத்தீங்க?"

"பாத்திருந்தா உன்ன எதுக்கும்மா கேக்கறேன்? காணோம்."

"முன்னாடி எங்க இருந்துச்சு?"

"கழுத்துலதான்."

எனக்கு மனசு துள்ளியது. ஆமை! ஆமையின் ஓட்டில் பாசி வளரும். கழுத்திலும் வளருமா?

"எது கழுத்துலக்கா?"

"என் கழுத்துலதாம்மே! வேற எதுங் கழுத்துல கீறாப்புல கேக்கற?"

ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் படித்த திமிர் விடுமா? "எவ்ளோ நாளா இருக்குதுக்கா?" என்றேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது. "அய்ய... நீ இன்னா பாசியம்மா சொல்ற? நான் மணிப் பாசிய சொல்றேன். கருகமணி! கழுத்துல போடற கறுப்புப் பாசி!"

நானும் சிரித்தேன். வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். ஆனால் அந்த அக்காவின் சிரிப்பு பாதியிலேயே அறுந்துவிட்டது. "சரிம்மா, உனக்கு வேற வேல. நீ ஏரியப் பூரா சுத்துறியாமே, அதான் கேட்டேன். கண்ணுல பட்டா எடுத்து வையி" என்றார். வைக்கப் போனவரை நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவர் சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஊர். முழங்கால் தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். வாயில் பறியைக் கவ்விக்கொள்வார்கள். பனையோலையில் முடைந்த சின்னக் கூடைதான் பறி. கை இரண்டும் தண்ணீருக்குள், பிடித்த இறால் பறிக்குள். அன்று காலை அப்படித் துழாவும்போது பறியின் விளிம்பு மாட்டிக் கருகமணி இழை அறுந்துவிட்டது. கழுத்து வெறுமையானது தெரிந்து நிமிர்வதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது. கலங்கல் தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாராம். அப்புறம் பொழுது சாயும் வரைக்கும் அதே இடத்தைத் துழாவியிருக்கிறார்.

"நாளன்னிக்கு அவரு கரை ஏறிடுவாரும்மா. அதுக்குள்ள வேணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நைனாவும் கேட்டார். உண்மையைச் சொன்னால், அங்கே போய்ச் சேரும் வரைக்கும் எனக்கே பதில் தெரியாது. சீசாக்களும் லென்சும் பையில் இருந்தன. எப்படியும் அந்தக் கரையையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று ஒரு சமாதானம்.

அந்த அக்கா கரையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே ஓர் ஆண் சட்டை. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தாலி கீது. இது எங்க மாமியாரு செஞ்சிப் போட்டது. அது அவரு போட்டது" என்றார். "ரெண்டு வூட்லயும் ஆவாதுன்னுட்டாங்க. திருவிழாக் கடையில கருகமணிய வாங்கியாந்து, தோ, இதே கரையில வச்சிக் கட்னாரு. அப்பால ஒரு வருசங் கழிச்சித்தான் வூட்ல சேத்துகினு தாலி போட்டாங்க."

அவர் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து நாள்கணக்கில் கடலில் தங்கும் படகுக்குப் போகிறவர். ஏரியில் வரவர மீன்பாடு சரியில்லை என்று போனவர். ஒவ்வொரு முறையும் கரை ஏறியதும் போன் செய்வாராம். "மொதல் வார்த்த, 'கீதா?'ன்னுதான் கேப்பாரு" என்றார்.

கீதா என்பது இவருடைய பெயர் என்றே நான் நினைத்தேன். கேட்டும்விட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"எம்பேரு இல்லம்மே! 'கழுத்துல கீதா?'ன்னு கேப்பாரு. 'கீது'ன்னு சொல்லுவேன். வெளையாட்டுக்குத்தான். ஆனா அதுக்கப்புறந்தான் மத்த பேச்செல்லாம்." கொஞ்சம் நிறுத்தி, ஏரியைப் பார்த்தபடி சொன்னார்: "ஆளு தண்ணிக்கு மேல கீறாரு. இது தண்ணிக்குள்ள பூட்சி. ராத்திரி சோறு எறங்கல. மாமியாருக்குச் சொல்லல. தெரிஞ்சா ஊரக் கூட்டிடும், அபசகுனம்னு. நானே அப்டித்தான் நெனச்சிகினு கீறேன், அது வேற சொல்லணுமா?"

சகுனத்தை நம்பாதவள் நான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு என் நம்பிக்கை தேவையில்லை, கருகமணி தேவை.

தொலைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அடையாளமாக ஒரு சவுக்குக் கழி நட்டு வைத்திருந்தார். தண்ணீர் முழங்காலுக்குத்தான். முகத்துவாரத்தில் மண் ஏறிக் கிடந்ததால் ஏரியில் ஓட்டமே இல்லை, குளம் மாதிரி கிடந்தது. காலடியில் நெகுநெகுவென்று வெறும் சேறு.

"நேத்தும் இப்டித்தான் வெறும் சேறா இருந்துச்சாக்கா?"

"இல்லியே. நேத்து கால வைக்கச்சொல்லோ பொதபொதன்னு மெத்த மாதிரி இருந்துச்சே. பாசி. உன் பாசி."

"பாசி மேலதான் விழுந்துச்சா?"

"ஆமா, நான் நின்னதே அதும்மேலதான். இழை இழையா சுத்திகினு, கைய வுட்டா மாட்டும்."

எனக்கு மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்த ஏரியில் ஒரு பாசி உண்டு. பச்சைக் குடல் மாதிரி, உள்ளே கூடான மெல்லிய குழாய்கள். இரவில் அடியில் படுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அது உணவு சமைக்கும். சமைக்கும்போது காற்றுக் குமிழ்கள் விடும். குமிழ்கள் குழாய்க்குள்ளும் இழைகளுக்கு இடையிலும் மாட்டிக்கொள்ள, மொத்தப் படுகையும் ஜமக்காளத்தைத் தூக்குவது போல் மெதுவாக மேலே கிளம்பிவிடும். கிளம்பினால், அதன்மேல் கிடக்கும் நத்தை, சிப்பி எல்லாமும் கூடவே கிளம்பும்.

"அக்கா, நீங்க தொலைச்ச இடத்துலயேதான் தேடியிருக்கீங்க. ஆனா அந்த இடமே எழுந்து போயிருக்கும்."

"இடம் எங்கனா எழுந்து போவுமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

சொன்னேன். குமிழ், வெயில், குழாய் எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பாதி கேட்கும்போதே அவர் முகம் மாறியது. "மத்தியானத்துல பொங்கி மேல வரும், ஆமா. எங்களுக்குப் பேஜாரு புடிச்ச வேல அது, எறாலு எங்க கீதுன்னே தெரியாது. நேத்தும் வந்துது, மணி சேத்துலதான் கீதுன்னு நான் கண்டுக்கல. அது மூச்சு வுட்டுத்தான் எழுந்துக்குதா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் திரும்பிக் கரையையும் வானத்தையும் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னார்: "நேத்து உச்சிக்கு கொண்டக் காத்து, கெழக்கேர்ந்து. நேரா கரைக்குத் தள்ளியிருக்கும். சாயங்காலம் தெக்கத்தி மாறிச்சி. அப்ப வடக்கால இழுத்துகினு போயி, தோ அந்த மூக்குல வச்சி முட்டியிருக்கும். வா!"

கரை வடக்கே நீண்டு ஏரிக்குள் ஒரு மூக்கு மாதிரி துருத்தும் இடம் அது. எழுந்து போகும் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும், எங்கே போகும் என்று தெரியாது. அவருக்கு நேர்மாறு. இரண்டு பேரும் ஓடாத குறையாக நடந்தோம்.

மூக்கின் உள்வளைவில் உமரிச் செடிகளின் காலடியில், நனைந்த கம்பளிகளைச் சுருட்டிப் போட்டது மாதிரி பாசி குவிந்து கிடந்தது. கரையில் ஒதுங்கியது வெயிலில் வெளுத்துக் காகிதமாகி, அழுகிய முட்டை வாடை அடித்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீரில் திட்டுத்திட்டாக மிதந்தது. நான் நினைத்ததைவிடப் பல மடங்கு! ஒரு தெருவுக்கே பாய் விரிக்கலாம்.

"இதுல எதும்மா என்னுது?" என்றார், இடுப்பில் கை வைத்து.

கரையிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, உதறி, தடவி. அதற்குள் என்னென்ன இருந்தன தெரியுமா? நூல் வலைத் துண்டு, ஷாம்பூ பாக்கெட், ஒற்றைச் செருப்பு, பூநாரையின் இறகு, நகக்கண் அளவு நண்டுகள், கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள். ஒரு கை அள்ளினால் ஒரு சந்தையே துடித்தது. அதைவிட, அந்த ஒரே குவியலில் குழாய்ப் பாசி, தலைமுடி போல் முறுக்கிய நூல் பாசி, அவற்றின் மேலேயே ஒட்டி வளரும் பழுப்புத் தூள். பாசியின் மேல் பாசி! என் கை தானாகப் பைக்குள் போய் லென்சை எடுத்துவிட்டது. குனிந்தேன்.

முதுகில் பொத்தென்று ஒரு ஈரக் கட்டி விழுந்தது.

"ஏம்மே! என் பாசிய பாக்கச் சொன்னா உன் பாசிய பாத்துகினு கீறியே!"

லென்சைப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த தொல்லை நத்தை. இந்த ஏரியில் மிளகு மாதிரி கறுப்பாகச் சின்ன நத்தைகள் உண்டு, பாசி இழையில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும். "அக்கா!" என்று நான் கத்துவேன், அவர் விழுந்தடித்து வருவார், பார்த்தால் நத்தை. நாலைந்து முறை ஆனதும், "நீ கத்தாத. எனக்கு நெஞ்சு நின்னு நின்னு ஓடுது. கையில உருட்டிப் பாரு. உருளலன்னா கீழ போட்டுட்டுப் போய்கினே இரு" என்றார்.

உச்சி தாண்டியது. கரையில் கிடந்ததை முடித்துவிட்டோம். ஒன்றுமில்லை. அவர் கொண்டுவந்த கூழை என்னைக் குடிக்கச் சொன்னார், தான் குடிக்கவில்லை. எனக்குள் ஒரு பயம் கிளம்பியிருந்தது. நான் பெரிதாகச் சொல்லி அழைத்து வந்துவிட்டேன். இழை பாசியில் மாட்டாமல் நேராகச் சேற்றில் இறங்கியிருந்தால்? வழியிலேயே உதிர்ந்திருந்தால்? அதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை, யோசித்தும் வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னேன்.

"அது எனக்கும் தெரியும்மா" என்றார் சாதாரணமாக. "நேத்து பூரா ஒரே எடத்தத் தோண்டிகினு கெடந்தேன். இன்னிக்கி தேடறதுக்கு வேற ஒரு எடம் கீது இல்ல? அதுவே நல்லாத்தான் கீது."

மிதக்கும் திட்டுகள் மிச்சமிருந்தன. பொழுது சாய்ந்தால் வெயில் குறையும், குமிழ் அடங்கும், அவை மறுபடி அடியில் இறங்கிவிடும். அதற்குள் பார்த்தாக வேண்டும். தண்ணீரில் இறங்கினோம். நான் மேலேயிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, "கண்ண வுடு. இப்டிப் பண்ணு" என்று இறால் பிடிக்கும் தினுசைக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீருக்கு அடியில் விரித்து, பாசிக்குக் கீழே கொண்டுபோய், மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்றை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கலங்கும். அவசரப்படாமல் ஒரு காரியம் செய்வது எனக்குப் பிறவியிலேயே வராத ஒன்று. அன்று வந்தது. மேலே கொக்கு பறந்தது, தூரத்தில் ஒரு படகின் இன்ஜின் சத்தம் தேய்ந்தது. பாசிக்கு அடியில் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேலே வெந்நீர், கீழே பச்சைத் தண்ணீர். விரல்களுக்கு இடையே இறால் குஞ்சுகள் தெறித்து ஓடின.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திட்டுகளின் ஓரம் லேசாக அமிழ ஆரம்பித்ததைக் கவனித்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று அவரைப் பார்த்தேன்.

அவர் அசையாமல் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கைகள் இரண்டும் தண்ணீருக்குள் குவிந்திருந்தன. நான் நெருங்கப் போனேன், "ஆடாத" என்றார் உதட்டை அசைக்காமல். பிறகு, பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி, ஒரு பெரிய பாசிச் சுருளை அப்படியே மேலே தூக்கினார். தண்ணீர் வடிய வடியப் பச்சைக்கு நடுவில் ஒரு மஞ்சள் நூல் தெரிந்தது. அதன் முடிச்சுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், பாசியே பிடித்து வைத்த மாதிரி, கறுப்பு மணிகள்.

முழுதாக இல்லை. பாதிகூட இல்லை. மற்றவை எங்கெங்கோ உதிர்ந்து ஏரிக்குள் போய்விட்டன.

நான்தான் அழுதேன். அவர் அழவில்லை. மணிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் உருட்டினார். "உருளுது" என்றார். பிறகு பறியைக் கவ்வும் அதே பழக்கத்தில், நூலைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் வீசித் தண்ணீரைத் தள்ளியபடி கரையை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். கரை ஏறும் வரை அவர் வாயைத் திறக்கவே முடியாது என்பதால் நானும் பேசவில்லை. அவ்வளவு நேரம் பேசாமல் நான் நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, நைனாவைக் கேட்டால் சொல்வார்.

கரையில் உட்கார்ந்து, மணிகள் இருந்த நூலை அப்படியே தாலிக் கயிற்றோடு சேர்த்து முடிந்துகொண்டார். "சின்னதாப் பூட்சி" என்றார். "பரவால்ல. அறுந்து வுழாது இனிமே." நான் கொண்டுபோயிருந்த காலி சீசாக்களைப் பார்த்து, "ஒன்னியுமே நெறப்பலியா நீ?" என்று கேட்டு, அவரே போய் அந்த வளைவிலிருந்து விதவிதமாக அள்ளி வந்து நிரப்பிக் கொடுத்தார். மூடியை அழுத்தி மூடியதில் இரண்டு சீசாக்கள் வழியிலேயே பொங்கி என் பையை நாறடித்துவிட்டன. உயிரோடு இருக்கும் பாசி மூச்சு விடுமே! சொல்லிக் கொடுத்த எனக்கே மறந்துவிட்டது.

மறுநாள் ரயிலில் இருந்தபோது குரல் செய்தி வந்தது. கூட்டத்தில் காதோடு ஒட்டிக் கேட்டேன். "அவரு கரை ஏறிட்டாரும்மா. 'கீதா?'ன்னாரு. 'கொஞ்சம் கீது'ன்னேன். 'மீதி?'ன்னாரு. 'ஏரி வாங்கிகிச்சு'ன்னேன். ஒரே சிரிப்பு. புதுசு வாங்கியாரட்டான்னாரு. வேணாம்னுட்டேன்." பின்னால் மாமியார் யாரிடம் பேச்சு என்று அதட்டுவதும் கேட்டது.

அதற்குப் பிறகு என் படத்துக்குப் பாதிச் செய்தி அந்த அக்காவிடமிருந்துதான் வருகிறது. "பாப்பா, எருமைக் குட்டையில செவப்பா ஒன்னு கீது", "எங்க குழாயடில ஒன்னு கீது, ஆனா உனுக்குப் புடிக்காது, சாதாப் பச்ச". எனக்குப் பிடிக்கும் பிடிக்காது என்று பிரிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒரு நாள் அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "நீ பாசி எங்க கீதுன்னு எழுதறியே, அது நாளைக்கி அங்கியே இருக்குமா?" என்றார். உண்மைதான். குழாயடிப் பாசி அங்கேயே இருக்கும், பனைமரத்துப் பாசியும் இருக்கும். ஏரியில் எழுந்து போகும் அந்தப் படுகையை எந்த ஊரில் எழுதுவது? அது இருக்கும் இடம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அதற்குள்ளே ஒரு சந்தையே குடியிருக்கிறதே, அப்படியானால் அதுவே ஒரு இடம் அல்லவா? என் படத்தில் அதற்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை.

இந்த மாசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலை செய்யப் போகிறோம். விடியலில், படுகை அடியில் கிடக்கும்போதே, அதன் இழைகளில் சிவப்புச் சாயம் தோய்த்த பருத்தி நூலைத் தளர்வாக முடிந்து விடுவது. எந்த இடம், எந்தக் காற்று என்று அவர் சொல்வார். அது எழுந்து எங்கே போய் ஒதுங்குகிறது என்று கரையோரமாக ஸ்கூட்டரில் பின்தொடர்வது என் வேலை. இந்த முறை அவர் வீட்டுக்காரரும் கரையில் இருக்கிறாராம், படகு தருகிறேன் என்றிருக்கிறார். நூல் கிடைக்காமலே போகலாம். தேடுவதற்கு இன்னொரு இடம் இருக்கும்வரை அது ஒரு குறையில்லை என்று, முழங்கால் தண்ணீரில் நின்ற அந்த மத்தியானத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.